50 லட்சம் வாங்கித் தருகிறேன் என்கிறவருக்கு 2 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. 2019-ல் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளை பதிவு செய்தோம். நான், என் கணவர், என் தம்பி மூவரும் அறங்காவலர்கள். மீனவப் பிள்ளைகள் 40 பேருக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். கடலில் இறங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் 38 பேர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பழைய செருப்பைக் காலில் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். கையுறை, கண்ணாடி, பாசி காயப்போட ஒரு களம், வகுப்பெடுக்கிற இரண்டு பெண்களுக்குச் சம்பளம், இவ்வளவுதான் தேவை. இதுவரை கைக்காசும் ஊர்க்காசுமாக வருடத்துக்கு இரண்டரை, மூன்று லட்சத்தில் ஓட்டிவிட்டோம். இரண்டு வருடத்துக்கு முன் வருமான வரித்துறையில் 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு) தற்காலிகப் பதிவு வாங்கினோம், 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை) வாங்கவில்லை. மதுரையிலிருந்து ஒருவர் வந்து, வெளிநாட்டு நிறுவனத்திடம் 50 லட்சம் வாங்கித் தருவதாகவும், முன்பணம் 2 லட்சம் வேண்டும் என்றும் சொல்கிறார். கையெழுத்திட்ட லெட்டர்பேடு இரண்டு தாள் கேட்டார், கொடுத்துவிட்டோம். பணம் இன்னும் கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் மாதாமாதம் அனுப்புகிறேன் என்கிறான். துபாயில் எங்கள் ஊர்ப் பையன்கள் நடத்தும் சங்கமும் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? நிதி தருகிறவர்களை எங்கே தேடுவது? கடைசியாக ஒன்று: முழுநேரமும் இதையே பார்க்கிற நான் சம்பளம் எடுத்தால் தப்பா?

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நபருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட தாள்கள் அவர் கையில் இருப்பது 2 லட்சத்தைவிடப் பெரிய ஆபத்து. இந்த வாரமே அறங்காவலர் கூட்டம் போட்டு, இன்ன தேதியில் கொடுத்த இரண்டு தாள்களும் செல்லாது, அவற்றை வைத்து யாரும் எங்கள் பெயரில் எதுவும் கேட்க அதிகாரம் இல்லை என்று தீர்மானம் எழுதுங்கள். அதை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலை உங்கள் வங்கிக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் லெட்டர்பேடில் வரிசை எண் போட்டு, எந்தத் தாள் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அவர் சொல்வது நடக்காது என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டு நிதியை வாங்கும் அனுமதி உங்கள் அறக்கட்டளைக்கு இல்லை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, எல்லோரும் எஃப்சிஆர்ஏ என்று சொல்வது, அதன்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டிலிருந்து பணம் வாங்குவது குற்றம். ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் இருக்கிறது. இந்தத் துறையில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்குக்கூட இது தெரியும். தெரிந்தும் 50 லட்சம் என்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது அந்த 2 லட்சம்தான். உண்மையாக நிதி தருகிற எந்த நிறுவனமும் விண்ணப்பிக்கிறவரிடம் முன்பணம் கேட்பதில்லை. திட்ட அறிக்கை எழுதித் தருகிறவர் அந்த வேலைக்கு நியாயமான கூலி கேட்கலாம். வரப்போகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரை வீட்டுத் திண்ணையில்கூட உட்காரவைக்க வேண்டாம்.

இதே ஆட்கள் இன்னொரு வேடத்திலும் வருவார்கள். சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டிய பணம். "கம்பெனி உங்கள் கணக்கில் 20 லட்சம் சிஎஸ்ஆர் பணம் போடும், 15 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மீதி உங்களுக்கு" என்பார்கள். பிள்ளைகளுக்கு 5 லட்சம் கிடைக்கிறதே என்று மனம் சலனப்படும். ஒத்துக்கொண்டால் பொய்க்கணக்கு எழுதியவர்கள் நீங்கள்தான். பதிவு ரத்தாகும், வரி பாயும், வழக்கு அறங்காவலர்கள் மூவர் பெயரிலும் வரும். கொடுத்தவர் எங்கோ இருப்பார். நீங்கள் அந்த ஊரிலேயே, அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும்.

அடுத்தது உங்கள் சொந்தக்காரர்கள். சித்தப்பா மகன் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டா என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சிங்கப்பூரில் எத்தனை வருடம் இருந்தாலும், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்குங்கள். பாஸ்போர்ட் நகலையும், இது என் சொந்தச் சேமிப்பு என்று அவர் எழுதிய கடிதத்தையும் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்தான். ரத்த சொந்தம் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. அவரிடமிருந்து அறக்கட்டளைக் கணக்கில் எதுவும் வாங்க வேண்டாம்.

துபாய் பையன்களுக்கும் அதே கணக்கு. சங்கத்தின் பெயரில், அங்குள்ள சங்கக் கணக்கிலிருந்து மொத்தமாக வந்தால் சிக்கல். ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பட்டும். 500 ரூபாயாக இருந்தாலும் தனித்தனியே ரசீது போடுங்கள். நம் கரையில் உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம், பணம் அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கே அது தவறு. அறக்கட்டளைக்கு அந்த வழியில் பத்து ரூபாய்கூட வரக்கூடாது.

நீங்களே எஃப்சிஆர்ஏ பதிவு வாங்கலாமா என்று அடுத்துத் தோன்றும். இப்போதைக்கு முடியாது. மூன்றாண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று நிதியாண்டில் நோக்கத்துக்காக மட்டும் குறைந்தது 15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும். உங்கள் மூன்றாண்டுச் செலவு ஏழரை முதல் ஒன்பது லட்சம்தான். குறிப்பிட்ட ஒரு கொடையாளர், குறிப்பிட்ட ஒரு வேலைக்கு, குறிப்பிட்ட தொகை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் முன் அனுமதி கேட்க வழி உண்டு. அப்படி ஒருவர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற பெரிய நிறுவனம் ஒன்று, "நாங்கள் வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தருகிறோம்" என்றால் அதுவும் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடுவதற்குத் தடை இருக்கிறது. அந்த நிறுவனமே உங்கள் ஊரில் நேரடியாகச் செலவு செய்யலாம், உங்கள் ஆசிரியைகளைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் தரலாம். அதைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் படித்துச் சோர்ந்துவிடாதீர்கள். நிதி தேடுகிறவர்கள் பெரும்பாலும் தூரத்திலிருந்து தொடங்குகிறார்கள்: ஜெனிவா, டெல்லி, மும்பை. நான் சொல்வது நேர்மாறு. உங்கள் கரைக்குச் செலவு செய்ய ஏற்கெனவே கடமைப்பட்டவர்கள், காரணம் உள்ளவர்கள் யார் யார் என்று பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள்.

நீங்கள் எழுதிய தேவைகளில் சிலவற்றுக்கு நன்கொடையே வேண்டாம். காயப்போடும் களம் என்பது பொதுச்சொத்து. ஊராட்சி கட்டலாம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டலாம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற கிராமசபைக்கு 38 பேரும் போய், எந்த இடத்தில், எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானம் போடவையுங்கள். தீர்மான நகலை வாங்காமல் வராதீர்கள். அந்த நகல் பிறகு நீங்கள் எழுதப்போகிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இணைப்பாக உதவும்.

பாசி வளர்ப்புக்கு மிதவை, கயிறு போன்றவற்றுக்குப் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் என்று விதி. இப்போது என்ன ஒதுக்கீடு இருக்கிறது என்று மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ உள்ள மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். மானியம் அந்தப் பெண்கள் பெயரில் போகும், உங்கள் அறக்கட்டளைக் கணக்கில் வராது. வர வேண்டியதும் இல்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே நீங்கள் செய்த தொண்டு. மீனவர் நல வாரிய அட்டை யார் யாரிடம் இல்லை என்றும் அதே மேசையில் கேட்டுவிடுங்கள். வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி நபார்டு; அதற்கு மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட வளர்ச்சி மேலாளர் இருக்கிறார். சுய உதவிக் குழுப் பெண்களுக்குத் தொழில் பயிற்சி நடத்த, உங்களைப் போன்ற அமைப்புகள் வழியாக நபார்டு நிதி தருகிறது. தொகை சிறியதுதான். ஆனால் நபார்டு பணத்தை ஒழுங்காகச் செலவழித்துக் கணக்குக் கொடுத்தவர் என்ற பெயர், அடுத்த கதவைத் தட்டும்போது உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் பேச வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. உங்கள் பெண்கள் எங்கே பாசி எடுக்கிறார்கள் என்பதுதான் சுற்றுச்சூழலுக்கு நிதி தருகிற எவரும் கேட்கும் முதல் கேள்வி. மழுப்பினால் அந்த விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே, ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்திலும், மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையிலும் போய்ப் பேசுங்கள். அந்த அறக்கட்டளை தமிழக அரசு ஏற்படுத்தியது. கரையோரக் கிராமங்களின் பிழைப்பும் கடலின் பாதுகாப்பும் சேர்ந்து போக வேண்டும் என்பதே அதன் வேலை. நம்மவர்கள் பெப்சி பாசி என்று சொல்கிற கப்பாஃபைகஸ் வளர்ப்பதாக எழுதினால், எந்தக் கடலில் என்றும் எழுதுங்கள். குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறையில் அது படர்ந்ததாக ஆய்வாளர்கள் எழுதிய பிறகு, சில கொடையாளர்கள் அந்தப் பாசியின் பெயரைப் பார்த்தாலே தயங்குகிறார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானி ஒருவரிடம் உங்கள் திட்டத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டு, அதன்படி திருத்திக்கொள்ளுங்கள்.

இனி கம்பெனிகள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலும், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவு. எந்தக் கம்பெனி எந்த மாவட்டத்தில் எவ்வளவு செலவிட்டது என்பதை மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்தில் பார்க்கலாம். மாவட்டத்தில் ராமநாதபுரம் என்று தேர்ந்தெடுங்கள். கிடைக்கிற கம்பெனிகளின் ஆண்டறிக்கையை இறக்கி, சிஎஸ்ஆர் இணைப்பைப் படியுங்கள். என்ன வேலை, எவ்வளவு பணம், எந்த அமைப்பு வழியாக என்று வரிசையாக இருக்கும். கல்விக்கு மட்டுமே கொடுக்கும் கம்பெனியிடம் கையுறை கேட்டுப் போகாமல் இருக்க இந்தப் படிப்பு உதவும். ஏற்கெனவே நம் மாவட்டத்தில் வேலை செய்கிற அமைப்பு எது என்று தெரிந்தால், அவர்களுடன் சேர்ந்தே தொடங்கலாம்.

உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, அதைக் கூச்சப்படாமல் முதல் வரியிலேயே எழுதுங்கள். 2018-ல் நிதி ஆயோக் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் (வளர்ச்சியில் பின்தங்கியவை என்று தனிக் கவனத்துக்கு எடுத்துக்கொண்டவை) தமிழ்நாட்டில் இடம்பெற்றவை இரண்டே: விருதுநகர், ராமநாதபுரம். பொதுத்துறை நிறுவனங்கள் சிஎஸ்ஆர் செலவில் இந்த மாவட்டங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. வழுதூர், கஞ்சிரங்குடி பக்கம் எரிவாயுக் கிணறுகள் வைத்திருக்கிற ஓஎன்ஜிசி ஒரு பொதுத்துறை நிறுவனம். கமுதியில் பெரிய சூரிய மின் நிலையம் நடத்துகிறது அதானி குழுமம். உள்ளூருக்கு முன்னுரிமை என்று சட்டமே சொல்வதால், பக்கத்தில் தொழில் நடத்துகிறவரிடம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும், அதன் திட்டத்தைப் பற்றி ஊரில் மனத்தாங்கல் இருந்தால், முதலில் ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். கடலுக்கும் நிலத்துக்கும் என்ன ஆகும் என்று கேட்கிற வாயை ஒரு நன்கொடை அடைத்துவிடக் கூடாது. வேண்டாம் என்று ஊர் சொன்னால் வேண்டாம்தான்.

பெரிய பெயர்களைவிட நான் அதிகம் நம்புவது நடுத்தரக் கம்பெனிகளை. வருடத்துக்கு 50 லட்சத்துக்குள் சிஎஸ்ஆர் செலவிட வேண்டிய கம்பெனிக்குத் தனிக் குழு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். தூத்துக்குடி இறால் ஏற்றுமதியாளர், ராஜபாளையம் நூற்பாலை, மதுரையில் இருக்கிற உதிரிபாகத் தொழிற்சாலை போன்ற இடங்களில் முதலாளியையே நேரில் பார்த்துப் பேச முடியும். உங்களுக்கு வேண்டிய தொகையும் அவர்களுக்கு ஏற்ற அளவுதான். எப்போது போவது என்பதும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் ஆண்டுத் திட்டம் போடுவார்கள், அப்போது ஒருமுறை. டிசம்பர், ஜனவரியில் இன்னொரு முறை. செலவாகாத பணத்தை அரசு நிதிக்குக் கட்ட வேண்டி வருமே என்று, தயாராக இருக்கிற வேலையைத் தேடும் காலம் அது. அந்த நேரத்தில் காகிதம் எல்லாம் சரியாக இருக்கிற சின்ன அமைப்புக்கு வாய்ப்பு அதிகம்.

அந்தக் காகிதங்களைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியிடம் பணம் வாங்க சிஎஸ்ஆர்-1 பதிவு எண் வேண்டும். அதற்கு 12ஏ, 80ஜி இரண்டும், மூன்றாண்டு வேலை அனுபவமும் வேண்டும். அனுபவம் உங்களிடம் இருக்கிறது. 80ஜி இல்லாததுதான் இப்போது தடை. தற்காலிகப் பதிவுக்கு ஆயுள் மூன்றாண்டு; அதற்குள் முறையான பதிவுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கெடு முடிவதற்கு ஆறு மாதம் முன்பு, அல்லது வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள், எது முந்தியதோ அது. உங்கள் வேலை 2019-லேயே தொடங்கிவிட்டதால் கெடு தாண்டியிருக்கலாம். 12ஏ விண்ணப்பத்தில் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்க 2024 அக்டோபர் முதல் வழி இருக்கிறது. நாளைக்கே ஆடிட்டரைப் பாருங்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. எல்லோர் வாயிலும் பழைய பெயரே புழங்குவதால் நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். தொண்டு அமைப்புகளுக்கான அரசின் என்ஜிஓ தர்ப்பண் இணையதளத்தில் பதிவு இலவசம். அதற்கு யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், இ-சேவை மையம் ஒன்றில் உட்கார்ந்து நீங்களே செய்துகொள்ளுங்கள்.

அஜீம் பிரேம்ஜி அறக்கட்டளை, டாடா அறக்கட்டளைகள் போன்றவை இந்தியப் பணத்தில் நிதி தருகின்றன, எஃப்சிஆர்ஏ வேண்டியதில்லை. பார்த்து வையுங்கள், ஆனால் முதல் வருடத்து நம்பிக்கையை அங்கே வைக்காதீர்கள். நிதி அறிவிப்புகளைத் தொகுத்துப் போடும் இணையதளங்களில் வாரம் ஒருமுறை கண் ஓட்டினால் போதும். அவற்றில் வருவதில் பெரும்பகுதி வெளிநாட்டு நிதி, உங்களுக்கு ஆகாது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. எந்தக் கதவைத் தட்டினாலும் கையில் இரண்டு பொருள் இருக்க வேண்டும்: ஒரு நோட்டு, ஒரு பக்கம்.

நோட்டில், அடுத்த மூன்று மாதம், 38 பெண்களுக்கும் எழுதுங்கள். எந்தெந்த நாள் கடலுக்குப் போனார்கள், மரிக்கொழுந்துப் பாசி எத்தனை கிலோ, கட்டக்கோரை எத்தனை கிலோ, ஈரமா காய்ந்ததா, வியாபாரி என்ன விலை போட்டார், யாருக்குக் கை கிழிந்தது, யாருக்குக் காலில் முள் ஏறியது, அதனால் எத்தனை நாள் வேலை போனது, ஊசி மருந்துக்கு என்ன செலவு. வகுப்பில் படிக்கிற பிள்ளை யாரையாவது வைத்து எழுதவையுங்கள். "எங்கள் பெண்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்" என்று நூறு விண்ணப்பங்கள் வரும். "மூன்று மாதத்தில் இத்தனை பேர் கை கிழிந்து, இத்தனை நாள் கூலி இழந்தார்கள், ஒரு ஜோடிக் கையுறையின் விலை இவ்வளவு" என்று எழுதியது ஒன்று வந்தால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். காய்ந்த பாசிக்கும் மணல் கலந்த பாசிக்கும் விலை வித்தியாசம் என்ன என்று அந்த நோட்டு சொல்லிவிட்டால், களம் ஏன் வேண்டும் என்று நீங்கள் தனியாக வாதாட வேண்டியதில்லை.

பக்கம் என்றது விண்ணப்பத்தை. ஒரே பக்கம்தான். யார், என்ன சிரமம், நாங்கள் என்ன செய்வோம், எவ்வளவு ஆகும், ஒரு வருடம் கழித்து என்ன மாறியிருக்கும். பாம்பன் பக்கத்துப் பாசிப் பெண்கள், கடலைக் கெடுக்கக் கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டும் போவதாகத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். உங்கள் குழுவும் அதைக் கடைப்பிடிக்கிறது என்றால் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, பாசி எடுக்கும் பெண்களின் தலைவியாக 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பிடம் விருது பெற்றவர். கடலைக் காக்கத் தெரிந்த பெண்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள் என்று வெளியுலகம் ஒப்புக்கொண்ட கரை இது. இரக்கப்பட்டுக் கொடுங்கள் என்ற தொனி உங்கள் எழுத்தில் வரவே கூடாது.

செலவுத் திட்டத்தில் ஆசிரியைகளின் சம்பளத்தை ஒளிக்காதீர்கள். பொருள் வாங்கப் பணம் தருகிற பலர், சம்பளம் என்றதும் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பயந்து பலர் சம்பளத்தை "பயிற்சிச் செலவு", "இதர செலவு" என்று எங்கெங்கோ நுழைக்கிறார்கள், தணிக்கையில் மாட்டிக்கொள்கிறார்கள். நேராக எழுதுங்கள்: மாலை வகுப்பு என்பதே இந்த இரண்டு பெண்கள்தான், அவர்கள் இல்லையென்றால் கரும்பலகை மட்டும்தான் மிஞ்சும் என்று. ஊர்ப்பெண் என்பதற்காக 1500 ரூபாய் போடாதீர்கள். அவர்கள் வேறு வேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ அதை ஒட்டிப் போடுங்கள். இத்தனை வருடம் காசு வாங்காமல் எடுத்த வகுப்புகளுக்கும் வருகைப்பதிவு இருந்தால், அதை உங்கள் பங்களிப்பாகக் காட்டலாம். பொருள்களுக்கு மூன்று கடையில் விலைப்பட்டியல் வாங்கி இணையுங்கள். மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, பான், பத்திர நகல், வங்கிக் கணக்குச் சுருக்கம் எல்லாம் ஒரே கோப்பில், கேட்ட அன்றே அனுப்புகிற மாதிரி இருக்கட்டும்.

"ஊர் என்ன கொடுத்தது?" என்றும் கேட்பார்கள். நம் கரையில் மகமை பிடிக்கிற வழக்கம் புதிதில்லை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா திருவிழாவுக்கும் கொடுக்கிற கைதான். படகு உரிமையாளர்களிடம் மாதம் ஒரு சிறு தொகை கேளுங்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மட்டும் கேட்காதீர்கள். பெயர், முகவரியோடு ரசீது கொடுங்கள். 80ஜி வந்த பிறகு கீழக்கரை, ராமநாதபுரம் வியாபாரிகளிடம் போகலாம். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு வரிச்சலுகை கிடையாது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, உங்கள் சம்பளம். தப்பே இல்லை. அறக்கட்டளைப் பத்திரம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். இடம் இருந்தால், செய்கிற வேலைக்கு நியாயமான தொகையை அறங்காவலர் கூட்டத் தீர்மானத்தோடு, வங்கி வழியாக எடுக்கலாம். வேலையை மீறிய தொகை என்றால் வரித்துறை கேள்வி கேட்கும். ஆனால் அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உங்கள் கணவரும் தம்பியும் மட்டும் என்றால், எந்தக் கொடையாளருக்கும் உறுத்தும். உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே குடும்பம் மட்டும் நிர்வகிக்கிற அறக்கட்டளைகளை அவர்கள் முதல் சல்லடையிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். பாசி எடுக்கிற பெண்களில் இரண்டு பேரை, அவர்களே கூடித் தேர்ந்தெடுக்கிற இரண்டு பேரை, அறங்காவலராகச் சேருங்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் இருந்தால் நல்லது. அந்தப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எந்த வியாபாரி எடையில் எவ்வளவு அடிப்பான் என்று தெரிந்தவர்களுக்குக் கணக்கு விளங்கும், வாசித்துக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. பத்திரத்தில் சொன்ன முறைப்படி தீர்மானம் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் துணை ஆவணம் பதிந்து, அந்த நகலை வங்கியிலும் தர்ப்பணிலும் கொடுத்துப் பெயர்களைச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு உங்கள் சம்பளத் தீர்மானத்தை அந்தக் கூட்டத்தில் வையுங்கள்.